சம்பூர்ணத்தில் இடமில்லை

"பாதியில நின்னுபோச்சுங்க. எடம் இல்லங்குது," என்று சம்பூர்ணம் போனை நீட்டினாள்.

யேசுதாஸ் அப்போதுதான் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்தபடி சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, மணி நாலேகால். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் ஒரகடம் வரைக்கும் நின்றுகொண்டே போகவேண்டும். எது பாதியில் நின்றது என்று அவர் கேட்கவில்லை. போனை வாங்கிக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். சேமிப்பிடம் நிறைந்துவிட்டது, தேவையற்றவற்றை நீக்கவும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

"வேண்டாதத எடுத்துப் போட்டா எடம் வந்துடப் போவுது."

"வேண்டாததுன்னு ஒண்ணும் இல்ல அதுல."

"அப்ப அடுத்த ஞாயிறு வந்து பாக்கறேன். பொறுமையா ஒக்காந்து பண்ணணும் அதெல்லாம்."

"சாப்டறதுக்கு முந்தியே பண்ணிக் குடுத்துடுங்க. சாப்ட்டா தூங்கிடுவீங்க," என்றாள். சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மிச்சமிருந்த கறிக்குழம்பை டிபன் பாக்ஸில் ஊற்றி, மூடியின் மேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினாள். அவர் படியிறங்கினார்.

புதன்கிழமை காலையில் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்தவள், தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு யேசுதாஸ் வீட்டில்தான் இருந்தார். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, போனுக்கு இடமும் பண்ணவில்லை.

ஒரகடத்தில் ஒரு டைல்ஸ் கிடங்கில் அவர் பதினான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். லாரி எந்த நேரத்திலும் வந்து நிற்கும் என்பதால் ஆறு நாளும் அங்கேயே ஒரு அறையில் தங்கல். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் பெரிய காஞ்சிபுரம் வந்து இறங்குவார். சர்ச், கறிச்சோறு, தூக்கம், ஐந்து மணி பஸ். அவருடைய இல்வாழ்க்கையை இந்த நான்கு சொல்லில் எழுதிவிடலாம். சம்பூர்ணம் போன இரண்டாவது மாதம் வேலையை விட்டுவிட்டு ஏழு நாளும் வீட்டில் இருக்க வந்தார். வந்த பிறகுதான், ஆறு நாள் அந்த வீட்டில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று தமக்குத் தெரியாததை உணர்ந்தார்.

மாடியில் அவர் குடித்தனம். கீழே வீட்டுக்காரர்கள்: துரைக்கண்ணு தறியில் இருப்பார், அவர் மனைவி எல்லம்மாள் மற்ற எல்லாவற்றிலும் இருப்பாள். அமாவாசை தவிர எந்த நாளும் தறி ஓயாது; ஞாயிறும் ஓடும். அந்தச் சத்தத்தில் மனுஷனால் எப்படித் தூங்க முடிகிறது என்று வருகிறவர்கள் கேட்டால், தறிச் சத்தமே மேலே கேட்காத அளவுக்குத் தூங்குகிறவர் விடும் குறட்டை இருக்கிறது என்று சம்பூர்ணம் சொல்வாள். யேசுதாஸ் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. "ஆதாரம் இருக்குதா?" என்பார். ரசீது இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட உள்ளே விடாத வாய் அது. மகள் சுகாசினி தாம்பரத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் இந்த வழக்கு முடியாமல் கிடந்தது.

எட்டாவது மாதம், பீரோவைத் திறந்தபோது, சம்பூர்ணத்தின் போன் வயிறு உப்பிக் கிடந்தது. பின்மூடி பிளந்து உள்ளிருந்து ஏதோ எட்டிப் பார்த்தது. ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த போன் ரிப்பேர் கடைக்கு நடந்தார். கடை ராமராஜனுடையது. வேலை தெரிந்தது அவர் மகள் திரிஷாவுக்கு. ராமராஜன் டீ வாங்கி வருவார்.

"பேட்டரி போய்க்கினு இருக்குது அங்கிள். இத்தோட வச்சிருந்தா வெடிக்கும். உள்ள இருக்குறத மொதல்ல வெளிய எடுத்துடலாம்," என்றாள் திரிஷா.

எதில் எடுத்து வைப்பது என்பது அடுத்த கேள்வி. மெமரி கார்டு தொலைந்துபோகும் என்றார் யேசுதாஸ். ஆகாயத்தில் எங்கேயோ மாதம் மாதம் வாடகை கட்டி வைத்துக்கொள்ளலாம் என்பதை அவர் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. பார்க்க முடியாத கிடங்கில் அவர் சரக்கு இறக்குவதில்லை. கடைசியில் திரிஷா ஒரு யோசனை சொன்னாள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஏதாவது இருந்தால் அதில் ஒரு ஆப் போட்டுவிடலாம். சிம் வேண்டாம், கண்ணாடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை. வீட்டு வைஃபையில் அது ஒரு கிடங்கு மாதிரி உட்கார்ந்திருக்கும். வயரில்லாமல் எந்த போனிலிருந்தும் சரக்கு அனுப்பலாம், வேண்டும்போது எடுக்கலாம்.

கிடங்கு என்ற சொல் அவரை வீழ்த்திவிட்டது. சுகாசினி கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த போன் மேசை டிராயரில் இருந்தது. அன்று மத்தியானமே கொண்டுவந்து கொடுத்தார்.

"ஸ்டோரேஜுக்கு ஒரு பேரு வைக்கணும் அங்கிள்."

அவர் யோசிக்கவே இல்லை. "சம்பூர்ணம்."

திரிஷா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு அப்படியே அடித்தாள்.

ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு எல்லாம் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த விஷயம் தெரியவந்தது. படங்கள் கொஞ்சம்தான். இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் குரல் பதிவு. நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது நிமிஷம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் பகல் இரண்டு மணிக்கு மேல். போட்டுக் காட்டவா என்று திரிஷா விரலைக் கொண்டுபோனாள். யேசுதாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. நான் கேக்கறேன். இப்ப வேணாம்."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சம்பூர்ணம் பாடுகிறவள். கல்யாணத்துக்கு முன் சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசை. சுகாசினி பிறந்த பிறகு விட்டுவிட்டாள். பாடச் சொன்னால் தொண்டை போய்விட்டது என்பாள். இருபத்தாறு வருஷம் அவர் கேட்டுப் பார்த்துத் தோற்றிருக்கிறார். தொண்டை போகவில்லை. வெட்கம். அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, தனியே உட்கார்ந்து, போனில் பாடி வைத்திருக்கிறாள். நூற்றுப் பதினெட்டு ஞாயிறு. அதே அறையில், கட்டிலுக்கு நாலடி தள்ளி. அவர் மடையன் மாதிரி தூங்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, பேட்டரி மாற்றிக் கொண்டுவந்த சம்பூர்ணத்தின் போனில் இருந்த பதிவுகளை எல்லாம் தம் கையாலேயே நீக்கினார். போன் நீக்கியதை ஒரு மாதம் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும் என்று திரிஷா சொல்லியிருந்தாள். அதையும் காலி செய்தார். இடமில்லை என்ற எழுத்து மறைந்தது. சுவரில் சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்த அவள் படத்தைப் பார்த்து, "பண்ணிட்டேன்," என்றார். எட்டு மாதம் தாமதம். ஆனாலும் பண்ணியாகிவிட்டது.

ஆனால் பதிவுகளை அவர் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் கேட்டாகிவிடும். ஜூலையில் முதலாம் வருஷ நினைவுநாள் ஜெபக்கூட்டம் வருகிறது. அன்று, எல்லாரும் இருக்கும்போது, முதல்முறையாகக் கேட்பது என்று வைத்துக்கொண்டார். எதிர்பார்ப்பதற்கு ஒரு தேதி இருந்தது. அது இல்லாமல் எட்டு மாதம் இருந்து பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கிடங்கு போன் படத்துக்குக் கீழே ஸ்டாண்டில், சார்ஜர் வயரோடு நின்றது. இரண்டாம் நாள் காலை எல்லம்மாள் தன் போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி மாடியேறி வந்தாள். நெற்றியில் விபூதி ஈரம் காயாமல் இருந்தது. வைஃபை இரண்டு வீட்டுக்கும் பொது என்பதை யேசுதாஸ் மறந்திருந்தார்.

"அண்ணே, சம்பூர்ணம் பக்கத்துல இருக்குதுன்னு காட்டுது. சேத்துக்கலாமான்னு வேற கேக்குது. நான் இன்னா சொல்றது?"

அவர் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விளக்கினார். எல்லம்மாள் முழுவதும் கேட்டாள். ஸ்டாண்டில் இருந்த போனையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தன் போனிலும் இடமில்லை என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்கிறது என்றாள். இருந்தவரைக்கும் சம்பூர்ணம் தனக்கு எதையும் இல்லை என்று சொன்னதில்லை என்றும் சொன்னாள்.

அன்று மாலையிலிருந்து சரக்கு வர ஆரம்பித்தது. ஒவ்வொன்று வரும்போதும் போன் ஒரு சத்தம் கொடுத்து விழித்து அடங்கும். வெளிச்சம் படத்தின் கீழ் விளிம்பில் பட்டுப் போகும். சமைத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால், சம்பூர்ணத்தைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்று யேசுதாஸுக்குத் தோன்றும். ஆள் வராத வீட்டில் அது நன்றாகவே இருந்தது.

அவர் ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, பதிவேடு தொடங்கினார். நாள், சரக்கு, யாரிடமிருந்து, இருப்பு. முதல் வரியில், "குரல் பதிவு, சம்பூர்ணம், 118," என்று எழுதி அடிக்கோடிட்டார். அதன் கீழே, "காலை வணக்கம் படம், எல்லம்மாள், 214. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வீடியோ, மேற்படியார், 3. பேரன் நாய்க்குப் பயந்து ஓடுவது, 1. அதுவே மறுபடியும், 1." சனிக்கிழமைதோறும் இருப்பு எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கிடங்கை விட்டு வந்தபின் அவர் செய்த முதல் வேலை இதுதான்.

சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தும் ஜான்சனிடம் பாட்டு விஷயத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சந்தோஷத்தில் வாய்தவறிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் ஜான்சன் மைக்கைப் பிடித்து, மறைந்த சகோதரி சம்பூர்ணம் தனிமையில் பாடிப் பதிவு செய்த நூற்றுப் பதினெட்டு பாடல்களை நினைவுநாளன்று நாம் கேட்கப் போகிறோம் என்று அறிவித்தார். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று மாலையே ஜான்சன் வீட்டுக்கு வந்து கிடங்கைப் பார்வையிட்டார். மிகவும் பிடித்துப்போய், வைஃபை பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு, குழுவின் பாட்டுப் பதிவுகளையும் மூன்று வருஷ கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளையும் இறக்கிவிட்டுப் போனார். தேவ ஊழியத்துக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது?

மே மாதக் கடைசியில், படத்துக்குக் கீழிருந்த போன் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்றது.

அந்த எழுத்தை மறுபடியும் பார்த்த யேசுதாஸ் ஒரகடத்துக் கிடங்கில் செய்ததையே செய்தார். அனுமதிச் சீட்டு. என்ன அனுப்பப் போகிறோம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்பவேண்டும். ஜான்சன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். எல்லம்மாள் சிரிக்கவில்லை.

"ஒரு கப்பு சக்கர வாங்கறதுக்கு சம்பூர்ணம் எங்கிட்ட சீட்டு கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கீழிருந்து அவள் அனுப்பும் குழம்பு இரண்டு நாள் மேலே வரவில்லை. மூன்றாம் நாள் யேசுதாஸ் சீட்டை ரத்து செய்தார். அந்த இரண்டு நாளில் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் மேலே ஏற முயன்று போன் அணைந்துபோனது.

அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் திரிஷாவிடம் போனார். உயிர் கொடுத்தபின் அவள் சொன்னாள், நிரம்பினால் தானாகவே கொஞ்சத்தை நீக்கி இடம் பண்ணிக்கொள்கிற வசதி ஆப்பில் உண்டு. எது முதலில் போகவேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், பெரியதா, பழையதா, யாரும் திறந்து பார்க்காததா?

யேசுதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த கேள்வி இது ஒன்றுதான்.

"மொதல்ல வந்தது மொதல்ல வெளிய போவணும். எந்தக் கெடங்குலயும் அதாம்மா சட்டம்."

"ஷ்யூரா அங்கிள்?"

ஷ்யூரா என்று கேட்கலாமா? அரிசி என்றால் வண்டு விழும், சிமெண்ட் என்றால் கட்டிதட்டும், டைல்ஸ்கூட அட்டை இற்றுப்போகும் என்று பத்து நிமிஷம் விளக்கினார். ராமராஜன் டீயோடு வந்து நின்று தலையாட்டினார். திரிஷா அப்படியே அமைத்துக் கொடுத்தாள்.

அதன்பின் போன் ஒரு தடவைகூட இடமில்லை என்று சொல்லவில்லை. யேசுதாஸ் பெருமையாக இருந்தார். அந்த வியாழக்கிழமை எல்லம்மாள் தன் தங்கை மகனுக்குக் கூரத்தில் நடந்த கல்யாணத்தின் வீடியோவை, பெண் அழைப்பிலிருந்து சம்பந்தி சாப்பாடுவரை நாலரை மணி நேரத்தை, அப்படியே மேலே ஏற்றினாள். அதுவும் தங்குதடையில்லாமல் உள்ளே போனது. அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சம்பூர்ணம் இடம் கொடுத்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை இருப்பு எடுத்தார். காலை வணக்கம் படங்கள் சரியாக இருந்தன. கூழ் சரி. கிறிஸ்துமஸ் சரி. முதல் வரியில் நூற்றுப் பதினெட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

போனைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஒன்றை எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்றுதான். கிடங்கில் முதலில் வந்தது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று முழுதும் திரிஷா வேறு வேலையைத் தொடவில்லை. அழிந்ததைத் தோண்டியெடுக்கும் ஏதேதோ போட்டுப் பார்த்தாள். எல்லம்மாள் என்றைக்கோ வேண்டாம் என்று நீக்கிய ரோஜாப்பூக்கள் முந்நூறு திரும்பி வந்தன. பேரன் நாய்க்குப் பயந்து ஓடுவது மூன்றாவது பிரதியாக வந்தது. சம்பூர்ணம் வரவில்லை.

"மேல கல்யாணம் ஒக்காந்துக்கினு இருக்குது அங்கிள். அடியில இருந்தது அழிஞ்சிபோச்சு. அவங்க பழைய போன்லனா இருக்குமா?"

பழைய போனின் குப்பைத் தொட்டியையும் அவர் காலி செய்திருந்தார். இனி நீக்காதபடி அமைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றாள் திரிஷா. அவள் கண் சிவந்திருந்தது. உன் தப்பு இல்லை என்று அவர் அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது.

வீட்டில் பதிவேட்டை விரித்து, வெளியே போனது என்ற பத்தியில் 117 என்று எழுதினார். யார் உத்தரவின் பேரில் என்று ஒரு கட்டம் அவரே போட்டு வைத்திருந்தார். அதில் தம் கையெழுத்தைப் போட்டார். எல்லம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. கல்யாண வீடியோ பத்திரமாக இருக்கிறதா என்று அவள் கேட்டபோது, பத்திரமாக இருக்கிறது என்றார்.

மிஞ்சியிருந்தது கடைசிப் பதிவு. கடைசி ஞாயிறு, பகல் இரண்டு இருபது. பதினோரு நிமிஷம். பாதியில் நின்றுபோயிற்று என்று அவள் சொன்னது இதைத்தான். பாடிக்கொண்டே இருந்திருக்கிறாள், இடமில்லை என்று அது நிறுத்தியிருக்கிறது. சாப்பிடுவதற்கு முன்பே இடம் பண்ணிக் கொடுங்கள் என்றாளே. எது நின்றது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள்ளாவது பாடிக் காட்டியிருப்பாளா?

சுகாசினி போனில் சண்டை போட்டாள். ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் நீ ஒரு தடவை கேட்டுப் பாருப்பா என்றாள். அவர் மாட்டேன் என்றார். மூன்று முறை விரலைக் கொண்டுபோய், மூன்று முறையும் எடுத்துவிட்டிருந்தார். நூற்றுப் பதினெட்டு இருந்தபோது வராத பயம், ஒன்று ஆனபின் வந்திருந்தது. தனியே அதைத் தாங்க முடியாது. கூட நாலு பேர் வேண்டும்.

நினைவுநாள் மாலை மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி முப்பது போட்டார்கள். மழை வருவதுபோல் இருந்து வராமல் நின்றது. சர்ச் மக்கள் வந்திருந்தார்கள். சுகாசினி பிள்ளைகளோடு முன் வரிசையில் உட்கார்ந்தாள். திரிஷா கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து ஓரமாக நின்றாள். துரைக்கண்ணு அமாவாசை இல்லாத ஒரு நாளில் தறியை நிறுத்தியிருந்தார். எல்லம்மாள் டீ டம்ளர் தட்டோடு படிக்கட்டுப் பக்கம் நின்றாள். வேதபாடம், ஜெபம் எல்லாம் முடிந்தது. நூற்றுப் பதினெட்டில் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் தேவ சித்தம் என்று ஜான்சன் முன்னுரை சொல்லி, ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியை வைஃபையில் சேர்த்தார். யேசுதாஸைப் பார்த்தார். யேசுதாஸ் தலையசைத்தார்.

முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு வெகு அருகில், போனைச் சரியாக வைக்கும்போது வளையல்கள் ஒன்றோடொன்று படும் ஓசை. சுகாசினி வாயைப் பொத்திக்கொண்டாள். பதிவுக்குள் கீழ்வீட்டுத் தறி தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பாட்டு வரவில்லை. ஆழத்திலிருந்து ஏதோ கனமான பொருளைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்து, உச்சியில் போய் நின்று, விசில் அடித்து இறங்கியது. மறுபடி எழுந்தது.

"தாளம் இருக்குது பிரதர்," என்றார் ஜான்சன், நம்பிக்கை விடாமல். இருக்கத்தான் செய்தது. தறியில் நாடா ஒரு முறை ஓடித் திரும்புவதற்கும் அந்தச் சத்தம் ஏறி இறங்குவதற்கும் அச்சுப் பிசகவில்லை.

நாலாவது தடவை எழுந்தபோது பின் வரிசையில் யாரோ இருமலாக மாற்றப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்கள். சுகாசினியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பியபோது கண்ணில் தண்ணீர் ஓடியது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆதாரம் கேட்டியேப்பா," என்றாள்.

மாடி முழுதும் சிரித்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த சிரிப்பு. யேசுதாஸும் சிரித்தாற்போல் முகத்தை வைத்துக்கொண்டார். நூற்றுப் பதினெட்டு ஞாயிறு அவள் ஆதாரம் சேர்த்திருக்கிறாள். என்றைக்காவது குறட்டை வழக்கை வெல்வதற்கு. அந்த ஆதாரத்தைத்தான் அவர் படத்துக்குக் கீழே விளக்கேற்றிக் காத்திருக்கிறார், தொலைத்துவிட்டு அழுதிருக்கிறார். அவள் பாடவே இல்லை. அவள் குரல் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பதெல்லாம் அவர்தான். அவருக்கு அவர் எதற்கு?

எழுந்து ஸ்பீக்கர் பெட்டியிடம் போய், எதை அழுத்தினால் நிற்கும் என்று தடவினார்.

"இன்னாத்துக்கு நிறுத்தறீங்க?" என்றாள் எல்லம்மாள், படிக்கட்டுப் பக்கமிருந்து. அவள் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்திருந்தாள். "பாட்டுன்னு சொன்னீங்களேன்னு நானும் வேற இன்னாவோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இது தெரியாதா எனக்கு? ஞாயித்துக்கெழம நீங்க பஸ் ஏறினா, மிச்ச ஆறு நாளும் சம்பூர்ணம் இதப் போட்டுக்கினுதாண்ணே தூங்கும். வாரத்துக்கு ஒண்ணு புதுசா புடிச்சி வச்சிக்கும். நீங்க வேலைக்கே போவாம வூட்லயே படுத்துக்கினு இருக்கறீங்கன்னுதான் நான் ரொம்ப நாளு நெனச்சிக்கினு இருந்தேன்."

கீழ்வீட்டில் வைஃபையைத் திறந்தால் இன்றும், சம்பூர்ணம் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் காட்டுகிறது.